அபின் தொடாதவன் கட்டிய கடன்

"சீனாக்காரனுக்கு எதற்கெடுத்தாலும் நூறாண்டு அவமானம்தான்" என்று நேற்று டீக்கடையில் நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார். அபின் போர் தொடங்கி நூறு வருஷம் அந்நிய நாடுகளிடம் பட்ட அடிக்குச் சீனர்கள் வைத்த பெயர் அது. அந்தச் சொல்லை அங்கே ஆளும் கட்சி தன் வசதிக்குப் பயன்படுத்துகிறது, உண்மைதான். அதற்காக நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. கையில் டீயை வைத்துக்கொண்டு இதைப் பேசினோம் என்பதுதான் வேடிக்கை. வம்பு தொடங்கியதே தேயிலையில்தான்.

பிரிட்டனுக்குச் சீனத் தேயிலை வேண்டும். சீனர்கள் கேட்டதோ வெள்ளி. அதைக் கொட்டிக் கொடுக்க மனமில்லாத கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்த மாற்றுச் சரக்கு அபின். பீகாரிலும் காசி வட்டாரத்திலும் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி போட வைத்தார்கள் (ஆமாம், குருமாவுக்கு அரைக்கிறோமே, அதே கசகசா). விலையையும் கம்பெனியே வைக்கும். கல்கத்தாவில் ஏலம் விட்டதும் கை கழுவிவிடும். சீனாவில் அபினுக்குத் தடை, அதனால் அங்கிருந்து கடத்துவது தனியார் கப்பல்கள். ஆனால் விற்ற வெள்ளி சுற்றிக்கொண்டு தென்சீனத் துறைமுகமான கான்டனில் கம்பெனி கஜானாவுக்கே வரும், அதில் தேயிலை வாங்குவார்கள். 1830களின் கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பெட்டி. ஒரு பெட்டி 60 கிலோவுக்கு மேல்.

அபின் என்றதும் படுத்துக்கொண்டு குழாய் இழுப்பவன் படம்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அவனைவிட, அதை வாழ்நாளில் தொடாத சீனக் குடியானவன்தான் உறுத்துகிறான். அவன் நெல்லை விற்றுக் கையில் வாங்குவது செப்புக் காசு. வரி மட்டும் வெள்ளிக் கணக்கில். தேயிலைக்குத் திரும்பியது போக மிச்ச வெள்ளி கப்பலேறிப் போகப் போக அதன் விலை ஏறியது. ஒரு டேல் (சீன எடை அளவு) வெள்ளிக்கு 1,000 காசு என்பது பழைய கணக்கு. 1840களில் அது 2,000ஐத் தொட்டது. வரி ஏட்டில் ஒரு எழுத்து மாறவில்லை, அவன் கட்டியதோ இரண்டு மடங்கு. வெள்ளி ஏறியதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். 1850இல் சீனப் பேரரசை எதிர்த்துத் தைப்பிங் கலகம் வெடித்தபோது அதில் சேர்ந்த ஏழைகளுக்கு அந்த விளக்கம் பயன்பட்டிருக்காது. அந்தக் கலகத்தில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் மாண்டார்கள்.

1839இல் லின் ட்சேஷு என்ற சீன அதிகாரி 20,000 அபின் பெட்டிகளுக்கு மேல் பிடுங்கி, கான்டன் பக்கத்து ஹூமனில் சுண்ணாம்பும் உப்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். பதிலுக்குப் பிரிட்டன் போர் தொடுத்தது. 1842 நான்ஜிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங் போனது, ஐந்து துறைமுகங்கள் திறந்துவிடப்பட்டன, அபராதம் 2.1 கோடி வெள்ளி டாலர். அதில் 60 லட்சம் கரைத்த அபினுக்கு விலை, 1.2 கோடி போர்ச் செலவு. அடித்தவனுக்கு அடி வாங்கியவனே கூலி கொடுத்தான்.

நண்பரிடம் இன்னொன்றும் சொன்னேன். அந்தப் போரின் நடுவே, 1841 மே மாதம் கான்டனுக்கு வெளியே சான்யுவான்லி பக்கம் ஊர்க்காரர்கள் ஈட்டியும் மண்வெட்டியுமாகத் திரண்டார்கள். கம்பெனிப் படையில் ஒரு பிரிவு கொட்டும் மழையில் வழி தவறி அவர்களிடம் மாட்டிக்கொண்டது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. இருட்டிய பிறகு வேறு படை வந்துதான் மீட்டது. மாட்டியவர்கள் 37வது மெட்ராஸ் காலாட்படைச் சிப்பாய்கள்.

"நம்ம ஊர் ஆளுங்களா? அங்க என்னய்யா வேலை?" என்றார். மண்வெட்டியோடு நின்றவர்களும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.