டிராம்போவ்ஸ்கி வெறும் குறுக்குவழி அல்ல

பிரேசில் வீரர் டிராம்போவ்ஸ்கியின் பெயர் தாங்கிய சதுரங்கத் திறப்பை (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை), பாடம் படிக்கச் சோம்புபவர்களின் குறுக்குவழி என்று ஒரு கட்டுரை ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. வெள்ளை டி4 கட்டத்துக்குச் சிப்பாயை நகர்த்தியதை அடுத்து, இரண்டாம் நகர்த்தலிலேயே அதன் மந்திரி ஜி5-க்குப் போய்க் கறுப்புக் குதிரையை மிரட்டுகிறது. மந்திரி அதை வெட்டி, கறுப்பு சிப்பாயால் பதிலுக்கு வெட்டினால், கறுப்பின் சிப்பாய்கள் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டித்து முடங்கும். அதற்காக மந்திரி ஜோடியையே, அதாவது இரண்டு மந்திரிகளும் சேர்ந்திருக்கும் பலத்தையே, இழக்கிறோம்; சின்ன விலை அல்ல!

கறுப்புக் குதிரை இ4-க்குத் தாவினாலோ, மந்திரி எஃப்4-க்குப் பின்வாங்கும். எஃப்3 சிப்பாய் குதிரையை விரட்டும். இ4 நமக்குக் கிடைக்கும். பி2 சிப்பாய் காவலின்றி நிற்பதுதான் எனக்கு எப்போதும் கவலை. கறுப்பு ராணி அதைத் தாக்க பி6-க்கு வந்தால் பதில் தயாராக இருக்க வேண்டும். 2016 நியூயார்க் உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் கர்யாக்கினுக்கு எதிராகக் அப்போதைய சாம்பியன் கார்ல்சன் ஆடியது இந்தத் திறப்பைத்தான். டிரா ஆனாலும் மீண்டும் ஆடிப் பாருங்கள்.