"யாருக்குங்க குடுப்பீங்க?"

எங்கள் தெரு அக்கா ஒருவரின் மகன் போன ஆடியில் சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸில் பைக்கில் போகும்போது அடிபட்டான். மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். ஐசியூ வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நீ டீச்சருங்களுக்கே பாடம் நடத்தறவ, நீயே சொல்லு. நெஞ்சு ஏறி எறங்குது, கை சூடா இருக்குது, இவனப் போயி செத்துட்டான்ங்கறாங்களே" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் உறுப்பு தானம் பற்றிப் பேச மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வந்தார். சின்ன வயசுதான், பக்குவமாகத்தான் பேசினார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"யாருக்குங்க குடுப்பீங்க?"

"தேவைப்படறவங்களுக்கும்மா."

"தேவைப்படறவங்கன்னா காசு இருக்கறவங்களா?"

அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார், எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார், அவ்வளவுதான் முடிந்தது. 18 வருஷமாக பி.எட். வகுப்பு எடுக்கிற எனக்கு அன்றைக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை என்பது இன்னமும் உறுத்துகிறது.

அக்காவின் சந்தேகத்தைத் தப்பு என்று சொல்லவே மாட்டேன். 2018-ல் விபத்தில் சிக்கிய பாலக்காட்டு இளைஞர் ஒருவரை நம்ம சேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்து, பில் கட்ட முடியாத குடும்பத்திடம் உறுப்புகளுக்குக் கையெழுத்து வாங்கினார்கள் என்று குற்றச்சாட்டு வந்து, அன்றைய கேரள முதல்வர் பினராயி விஜயன் அன்றைய நம் முதல்வருக்குக் கடிதமே எழுதினார். வெளிநாட்டு நோயாளிகளுக்கு உறுப்பு போவது பற்றியும் அந்த வருஷம் பெரிய சர்ச்சை ஓடியது. சேலத்துக்காரர்கள் அதை மறந்திருப்பார்களா என்ன?

அப்புறம்தான் உட்கார்ந்து உறுப்பு தானச் சட்டத்தைப் படித்தேன். மூளைச்சாவை 4 டாக்டர்கள் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும், அதுவும் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துப் பார்த்து. நெஞ்சு ஏறி இறங்கியது வெண்டிலேட்டரால். இதை யாராவது அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். உறுப்பு யாருக்கு என்பதற்கும் வரிசை இருக்கிறது. ரத்த வகை, எத்தனை நாளாகக் காத்திருக்கிறார், எவ்வளவு அவசரம் என்று பார்ப்பார்கள். உறுப்பை எடுக்கும் மருத்துவமனைக்குச் சிலவற்றில் முன்னுரிமை உண்டு, ஆனாலும் இரண்டு சிறுநீரகத்தில் ஒன்று பொதுப் பட்டியலுக்குப் போகிறது. 2014 விதிகளின்படி முதலில் மாநிலம், பிறகு மண்டலம், பிறகு நாடு, அதற்கும் பிறகு இந்திய வம்சாவளியினர், எல்லோருக்கும் கடைசியில்தான் வெளிநாட்டவர். காசுக்கு விற்றால் 5 முதல் 10 வருஷம் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். சட்டம் மீறப்படவே மீறப்படாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வரிசை இன்னதென்று தெரிந்தால்தானே அது மீறப்படும்போது "ஏன்" என்று கேட்க முடியும்?

என் கோபம் எல்லாம் எங்கள் துறை மேல்தான், என்னையும் சேர்த்து. 2024-ல் நம் தமிழ்நாடு அரசு, 'கனவு ஆசிரியர்' என்று தேர்ந்தெடுத்த பள்ளி ஆசிரியர்களை பிரான்சுக்கு அழைத்துப் போனது, நல்ல காரியம், சந்தோஷப்பட்டேன். அந்த பிரான்சின் கல்விச் சட்டத்திலேயே 2011-லிருந்து ஒரு பிரிவு இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் உறுப்பு தானச் சட்டத்தையும், ஒருவர் தன் விருப்பத்தை எப்படித் தெரிவிப்பது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று. அங்கே மறுப்புப் பதிவு செய்யாதவர் எல்லோரும் சம்மதித்தவர் என்பது சட்டம், நம் ஊரில் குடும்பம் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. அப்படிப் பார்த்தால் இந்தப் பாடம் அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. நாடு விட்டு நாடு ஆசிரியர் பயிற்சியில் கைகோக்கிறோம் என்றால் ஸ்மார்ட் போர்டும் வகுப்பறை மேஜையும் மட்டும்தானா, இதையும் கேட்டு வாங்கி வரலாமே. உத்தமசோழபுரத்தில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு பி.எட். கல்லூரியிலும் இரண்டே வகுப்பு போதும். 2023-லிருந்து உறுப்பு கொடுத்தவருக்கு அரசு மரியாதை தருகிறார்கள், மனசு நெகிழும் விஷயம்தான். ஆனால் அக்காவின் கேள்விக்கான பதில், மாலை வைப்பதற்கு முன்னாடியே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

சரி, யாரும் சொல்லும் வரை காத்திருப்பானேன் என்று போன வாரம் நானே வகுப்பில் எடுத்தேன். முடிந்ததும் ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "மேம், எங்க பாட்டி கண்ணையாவது குடுக்கணும்னு சொல்லுது. எங்க ஊருக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவாங்களா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒரு கண் வங்கிக்கு போன் போட்டோம். வருவோம், ஆனால் 6 மணி நேரத்துக்குள் எடுக்கணும், அதனால் உயிர் போனதும் கூப்பிட்டுவிடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள் என்றார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த நம்பரை எழுதி, கீழே "பாட்டி" என்று போட்டுக்கொண்டாள்.