பிரேக் லைட்டுக்கு எல்இடி போடுங்க, இண்டிகேட்டர்ல கைய வைக்காதீங்க

பழைய கார் வச்சிருக்க நம்ம ஆளுங்களுக்கு இப்ப ஒரே ஆசை, வண்டிக்கு வெளியில இருக்குற குண்டு பல்பு பூராத்தையும் கழட்டிட்டு எல்இடி மாத்திரணும்னு. ஆன்லைன்ல ஒரு பெட்டி வாங்குறாய்ங்க, ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல உக்காந்து முன்னாடி பின்னாடி ஒண்ணு விடாம மாத்துறாய்ங்க, சாயங்காலம் ரீல்ஸ் போட்டுறாய்ங்க. எனக்கு இதுல கோவம்லாம் இல்ல, நானே என் வண்டில பாதி மாத்திருக்கேன். பாதிதேன். எந்தப் பாதி, ஏன் மீதிய விட்டேன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம்.

மொதல்ல பிரேக் லைட்டு. இதுல எல்இடி போடுறதுக்கு உருப்படியான காரணம் இருக்கு. குண்டு பல்புல கம்பி சூடேறித்தான் வெளிச்சம் வரணும், பெடல்ல கால் வச்சதுலருந்து முழு வெளிச்சம் வர்றதுக்கு ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு போயிரும். எல்இடிக்கு அந்தத் தாமதம் கிடையாது, கரண்டு போன உடனே எரியுது. இது என்ன பெரிய விஷயம்னு தோணும், ஆனா திருமங்கலம் தாண்டி நாலு வழிச் சாலைல 80ல வர்றவனுக்கு அந்த நேரத்துல வண்டி நாலு மீட்டருக்கு மேல ஓடிருக்கும். ஒரு சின்னக் காரோட நீளம் அது. பின்னாடி வர்ற பஸ்காரருக்கு அந்த நாலு மீட்டர் கெடைச்சா நமக்கு நல்லதுதானே.

ஆனா இங்கதான் கடைக்காரங்க வெள்ளை எல்இடிய எடுத்துக் குடுத்து "இதுதாண்ணே நல்ல பளிச்சுனு இருக்கும்"ங்குறாய்ங்க. வாங்காதீங்க. செவப்பு கண்ணாடிக்குப் பின்னாடி செவப்பு எல்இடிதான் போடணும். குண்டு பல்போட வெளிச்சத்துல செவப்பு நெறைய இருக்கு, அதனால அந்தக் கண்ணாடி வழியா நல்லா வரும். வெள்ளை எல்இடின்னு நாம சொல்றது உள்ளுக்குள்ள நீல எல்இடி, அது மேல மஞ்சப் பூச்சு, அம்புட்டுதேன். அதுல செவப்பு கம்மி, கண்ணாடி மீதிய பூராம் முழுங்கிட்டு வெளிய ஒரு வெளிறுன ரோஸ் கலரத்தான் அனுப்பும். கையில வச்சுப் பாக்குறப்ப கண்ணு கூசும், மாட்டுன பெறகு பழைய பல்ப விட மங்கல். எத்தனையோ வண்டில பாத்தாச்சு இத.

அடுத்து, டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்புல இருக்குற வண்டிங்க, கடைல 1157னு கேட்டா குடுப்பாங்களே, டபுள் பிலமென்ட், அது. அதுல டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட், நாலு மடங்குக்கு மேல வித்தியாசம். ராத்திரி பின்னாடி வர்றவன் அந்த வித்தியாசத்த வச்சுத்தான் இவன் பிரேக் அடிக்கிறான்னு கண்டுபிடிக்கிறான். மலிவு எல்இடில டெயிலே பாதி பிரேக் மாதிரி எரியும், பெடல மிதிச்சா லேசாத்தான் கூடும். போன மாசம் ரிங் ரோட்ல பாண்டிகோயில் பக்கம் ஒரு கார் பின்னாடியே போனேன், ஆள் பிரேக் அடிக்கிறாரா சும்மா போறாரான்னே தெரியல, கடைசில தள்ளிப் போயிரலாம்னு ஓவர்டேக் எடுத்துட்டேன். அதனால மாத்துன உடனே இருட்டுன பெறகு ஒருத்தர பெடல்ல கால வைக்கச் சொல்லிட்டு இருபதடி பின்னாடி போய் நின்னு பாருங்க. பகல்ல பாத்து ஓகே சொல்லாதீங்க. பல்பு பக்கவாட்டுலயும் எரியுதான்னும் பாக்கணும், ஏன்னா அந்த ரிஃப்ளெக்டர் சுத்தி எல்லா பக்கமும் வெளிச்சம் அடிக்கிற கம்பிக்காக செஞ்சது, நுனில மட்டும் சிப் வச்ச எல்இடி போட்டா நடுவுல ஒரு புள்ளி மட்டும் எரியும், சுத்தி இருட்டா கெடக்கும்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்கு, அத யாருமே பண்றதில்ல. லைட்டு மங்கலா இருக்குன்னு எல்இடிக்குப் போறீங்கள்ல, மொதல்ல எர்த்தப் பாருங்க, அதான் பல்புலருந்து கரண்டு வண்டி பாடிக்குத் திரும்பிப் போற வயரு. குண்டு பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் கொறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் கொறையும். ஹோல்டர்ல பச்சை புடிச்சு எர்த் வயர் துருவேறி நின்னா புது பல்பு போட்டாலும் அழுது வடியும். பிரேக்க மிதிச்சா டெயில் லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்து லேசா மினுங்குதா, வேற ஒண்ணுமில்ல, எர்த் போச்சு, கரண்டு திரும்பிப் போக வழியில்லாம பக்கத்து பல்பு வழியா போகுது. ஆரப்பாளையத்துல நமக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருத்தர், எல்இடி மாட்டணும்னு யார் வந்தாலும் மொதல்ல உப்புத்தாள வச்சு ஹோல்டரத் தேச்சு, பழைய பல்பையே திரும்ப மாட்டிக் காட்டுவாரு. பாதிப் பேரு அப்பிடியே திரும்பிப் போயிருவாங்க. அவருக்கு யாவாரம் போச்சுன்னு நான்தான் கிண்டல் பண்ணுவேன். லென்ஸ் வெயில்ல மங்கிப் போயிருந்தா அதையும் பாலீஷ் போடுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு எது தாங்கும்.

இப்ப இண்டிகேட்டர். இதுலதான் நான் மாத்தல, மாத்தவும் மாட்டேன். இண்டிகேட்டர மினுக்க வைக்கிற ஃபிளாஷர்னு ஒரு குட்டி டப்பா இருக்கு, அது 21 வாட் பல்ப எதிர்பாத்து ஓடுது, எல்இடி இழுக்குறது அதுல கொஞ்சூண்டு, உடனே அது பல்பு ஃபியூஸ் போச்சுன்னு நெனச்சு டிக்டிக்டிக்னு ஓட ஆரம்பிச்சிரும். நிமிஷத்துக்கு 60லருந்து 120 தடவைக்குள்ள மினுக்கணும்ங்குறது கணக்கு, அதத் தாண்டிப் போயிரும். இதுக்கு யூடியூப் பூராம் ரெண்டு வைத்தியம் சொல்றாய்ங்க. ஒண்ணு, 50 வாட் 6 ஓம் ரெசிஸ்டர வயர்ல சேத்துறது. அது என்ன பண்ணும், பழைய பல்பு தின்ன கரண்ட விட ஜாஸ்தியாத் தின்னு சூடாகும், 14 வோல்ட்ல கணக்குப் பாருங்க, 32 வாட் வருது. கை வைக்க முடியாது, அத பம்பருக்குப் பின்னாடி பிளாஸ்டிக்ல டேப் போட்டு ஒட்டுறாய்ங்க மகராசனுங்க. கரண்டு மிச்சம் புடிக்கப் போயி ஒரு ஹீட்டர மாட்டுன கதை. இன்னொண்ணு, எல்இடி ஃபிளாஷர் ரிலே. வேலை செய்யும்தான், ஆனா அப்பறம் பல்பு நெசமாவே போனாலும் டேஷ்போர்டுல சத்தம் அதே மாதிரி நிதானமா வரும், உங்களுக்குத் தெரியாது. வேகமா அடிச்சு உங்ககிட்ட ஒரு பல்பு போச்சுன்னு சொல்ற ஒரே ஆள நீங்களே வாய அடைச்சிட்டீங்க. புது வண்டின்னா அந்த ரிலேவே தனியா இல்ல, பாடி கண்ட்ரோல் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. அதுல கை வச்சு வயர வெட்டுனா வாரண்டிக்குப் போய் நின்னீங்கன்னா என்ன சொல்வாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல. ஆரஞ்சு பல்பு நாப்பது அம்பது ரூபாக்குக் கெடைக்குது, விடுங்கண்ணே.

பார்க்கிங் லைட்டு, நம்பர் பிளேட் லைட்டு, அந்த டி10 குட்டி பல்பு, தாராளமா மாத்துங்க. அதெல்லாம் 5 வாட், டெயிலையும் சேத்தா மொத்தம் முப்பது வாட் பக்கம் வரும். கல்யாண மண்டபத்துல பார்க்கிங் லைட்ட அணைக்காம போனீங்கன்னா 35 ஆம்பியர்-அவர் பேட்டரி விடியிறதுக்குள்ள படுத்துரும், எல்இடின்னா தப்பிக்கும். மாட்டி எரியலன்னா பல்பத் திருப்பி மாட்டுங்க, அதுக்கு பிளஸ் மைனஸ் உண்டு. நீலம் ஊதாலாம் போடாதீங்க, ஆம்புலன்ஸா நீங்க? நம்பர் பிளேட்டுக்கும் ரொம்ப பளபளன்னு வேணாம், நம்பரே வெளுத்துத் தெரியும். ரிவர்ஸ் லைட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் வேணா போடுங்க, அது எரியிற நேரமே கொஞ்சம், சந்துக்குள்ள எடுக்குறப்ப நமக்குத்தான் லாபம்.

ஹெட்லைட்டு. எச்4 ஹாலஜன் பல்புல டிம் கம்பிக்கு அடியில ஒரு சின்னத் தகடு கிண்ணம் மாதிரி இருக்கும், அதுதான் வெளிச்சம் மேல ஏறாம மறைக்குது. கம்பி எங்க நிக்கணும்ங்குறது மில்லிமீட்டர் கணக்கு, அத வச்சுத்தான் ரிஃப்ளெக்டர வளைச்சிருக்கான். அந்த எடத்துல எல்இடி குச்சியச் சொருகுனா சிப்பு ரெண்டு பக்கமும் தடியா உக்காந்து வெளிச்சம் செதறி எதுக்க வர்றவன் கண்ணுல விழுது. ஓட்டுறவருக்கு ரோடு பகல் மாதிரி இருக்கு, அதனால அவருக்குப் புரியிறதில்ல. மேலூர் ரோட்ல அறுவடை நேரத்துல வைக்கோல் ஏத்திக்கிட்டு டெயில் லைட்டே இல்லாம போற டிராக்டர், பக்கத்துல சைக்கிள்ல ஒரு பெரியவரு, எதுக்க இந்த மாதிரி ஒரு வண்டி, என்னத்தத் தெரியும் நமக்கு? முன்னல்லாம் ஹெட்லைட்டு நடுவுல கறுப்புப் பொட்டு ஒட்டச் சொல்லி நிப்பாட்டுவாங்க, இப்ப அதையும் காணோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல வண்டிய மாத்துறதுக்குன்னே 52ஆவது பிரிவு இருக்கு, இருந்தும் ராத்திரி பைபாஸ்ல நிப்பாட்டிக் கேக்க ஆளில்ல. உங்களுக்கு வெளிச்சம் பத்தலன்னா ரிலே கிட் (சுவிட்ச் வழியா இல்லாம கரண்ட நேரா லைட்டுக்கு விடுற செட்டு) போட்டு பேட்டரிலருந்து நேரா தடி வயர் இழுங்க, அதே ஹாலஜன் வேற மாதிரி எரியும்.

வாங்குறப்ப உள்ள டிரைவர், அதான் வோல்டேஜ் ஏறுனாலும் கரண்ட ஒரே அளவுல வைக்கிற சின்ன சர்க்யூட், இருக்குற எல்இடியான்னு கேளுங்க. வெறும் ரெசிஸ்டர் மட்டும் வச்ச மலிவு சரக்கு, வண்டி ஓடுறப்ப வோல்டேஜ் 14க்கு மேல போனா சூடேறி சீக்கிரம் ஒவ்வொரு சிப்பா அவியும். கழட்டுன குண்டு பல்பத் தூக்கிப் போடாதீங்க, ஒரு துணில சுத்தி டேஷ்போர்டுக்குள்ள போட்டு வைங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல வத்தலக்குண்டு தாண்டி காட் ரோட்ல பிரேக் லைட்டு போச்சுன்னா எல்இடி விக்கிற கடை எதுவும் தெறந்திருக்காது.