டாக்வில்: கோடு போட்டுக் கட்டிய ஊர்

ஒரு படத்தை ஒரே சொல்லில் ஒதுக்கித்தள்ள நம்மிடம் ஒரு வார்த்தை உண்டு: நாடகத்தனம். டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியரின் 'டாக்வில்' (2003) படத்தின் மீதும் அதைத்தான் வீசுகிறார்கள். எனக்கு உடன்பாடே இல்லை. அந்த நாடகத்தனம் காட்சிக்குள் என்ன வேலை பார்க்கிறது என்று பார்க்காமல் எப்படித் தீர்ப்பு எழுதுவது?

கதை நடப்பது 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில், அமெரிக்காவின் ராக்கி மலையோரச் சிற்றூரில். எடுத்தது ஸ்வீடனின் ட்ரோல்ஹாட்டனில், ஒரே தளத்துக்குள். கறுப்புத் தரையில் போட்ட வெள்ளைக் கோடுகள்தான் வீடுகளும் தெருவும். நாய்கூடக் கோடுதான். கதவே இல்லாத இடத்தில் நடிகர் கையைத் திருப்பினால், கிறீச் என்ற சத்தம் அதே நொடியில் கேட்கும். ஒலி கொஞ்சம் பிசகியிருந்தாலும் மொத்தப் படமும் ஊமைக்கூத்தாகியிருக்கும். சற்று நேரத்தில் கண் பழகி, நாமே சுவர் எழுப்பிக்கொள்கிறோம்.

ஊரில் அடைக்கலம் தேடி வந்த கிரேஸை (நிக்கோல் கிட்மன்), ஊர்க்காரன் சக் பாலியல் வன்கொடுமை செய்யும் காட்சியில் அந்தச் சுவரைப் படம் பிடுங்கிவிடுகிறது. கேமரா மெல்லப் பின்வாங்க, தரையில் கிடக்கும் அவளும், அன்றாட வேலையில் இருக்கும் ஊராரும் ஒரே சட்டகத்துக்குள் வருகிறார்கள். நிஜமான செட் போட்டிருந்தால், 'அவர்களுக்குத் தெரியாது' என்று ஊருக்காக நாமே சாக்குச் சொல்லியிருப்போம்.

குறைகளும் உண்டு. கதைசொல்லியாக ஒலிக்கும் ஜான் ஹர்ட்டின் குரல் அற்புதம். ஆனால் நிக்கோல் கிட்மனின் முகம் சொல்லி முடித்ததைப் பல இடங்களில் அது மறுபடி சொல்கிறது. 178 நிமிடப் படத்தில் இது கனக்கிறது. பின்பாதியில் வீட்டுக்கு வீடு கொடுமை முறைவைத்து வரும்போது, மனிதர்கள் போய் வாதம் மட்டும் மிஞ்சுகிறது.

2011 கான் திரைப்பட விழாவில் ஹிட்லர் பற்றிப் பேசி, விழாவே 'வேண்டாதவர்' என அறிவித்த இயக்குநர் இவர். அந்தப் பேச்சுக்கு மன்னிப்புத் தேட இந்தப் படத்தை யாரும் இழுக்க வேண்டாம். ஆனால் பெண்ணை வதைத்து வதைத்தே படம் எடுக்கிறார் என்ற குற்றச்சாட்டைப் படத்துக்குள்ளேயே வைத்துக் கேட்க வேண்டும். இங்கே அவள் உடலை ரசிக்கும் ஷாட் எதையும் நான் பார்க்கவில்லை. அந்தக் கேமரா வேவு பார்ப்பது ஊரைத்தான்.

கடைசியில் ஊரே அழிந்தபின் நாய் மட்டும் மிஞ்சுகிறது. தன் எலும்பை எடுத்ததற்காக ஒருகாலத்தில் கிரேஸைப் பார்த்துக் குரைத்த நாய். கோடு மறைந்து, நிஜ நாயாக நம்மைப் பார்த்துக் குரைக்கிறது. அதன்பின் அமெரிக்க ஏழைகளின் புகைப்படங்களைப் பாட்டோடு ஓட்டி, எந்த ஊராகவும் இருக்கக்கூடியதை ஒரே நாட்டின்மேல் ஆணியடித்துவிட்டார். குரைப்போடு நிறுத்தியிருக்க வேண்டும்.