மண்டோர் மட்டும் ஆண்

பக்கத்து வீட்டுப் பெண் மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டுப் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். நேற்று ஒட்டுக்கடையில் அதுதான் பேச்சு. "பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை? நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்?" என்றார் ஒரு மாமா. எனக்குத் தே தாரிக் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

அந்த மாமாவின் அம்மா எங்கள் தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு இருட்டோடு வந்து நின்ற கூட்டத்தில் பெண்கள்தாம் அதிகம். பெயர் கூப்பிட்ட மேற்பார்வையாளர், அந்த மண்டோர் மட்டும் எப்போதும் ஆண். அதையே இயற்கை என்று நம்பி வளர்ந்தோம், நானும்தான்.

என் பெரியம்மாவைக் கணவர் அடித்த இரவில் அவருக்குத் துணையாகப் போலீஸ் நிலையம் போனேன். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இலேயே நிறைவேறிவிட்டது. ஆனாலும் "வீட்டுச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார் மேசையில் இருந்தவர். அங்கிருந்த பெண் கோப்பரல் நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், புகார் எழுதப் பேனாவையும் எடுத்தார். மேலதிகாரி வேண்டாமென்று கையசைத்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த அக்காவிடம் இரக்கம் இருந்தது, அதிகாரம் இல்லை.

இந்நாட்டில் முதன்முதலாக ஏழு பெண்கள் இன்ஸ்பெக்டர் பயிற்சிக்குச் சேர்ந்தது 1955-இல். ஒரு பெண் மாநிலப் போலீஸ் தலைவராக வந்தது 2018-இல், பெர்லிஸில், நோர் முஷார் முகமட். இடையில் 63 வருடம்! அதுவும் நாட்டிலேயே ஆகச் சிறிய மாநிலம். தேசியப் போலீஸ் படைத் தலைவர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண்ணும் உட்காரவில்லை.

தமிழ்நாட்டைப் போல் மகளிர் காவல் நிலையம் இங்கும் வேண்டும் என்கிறார்கள் சிலர். அங்கே 1992-இல் தொடங்கினார்கள். 2010-இல் லத்திகா சரண் மாநிலக் காவல்துறைத் தலைவராகவே ஆனார். இருந்தாலும் எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. பெண்ணை அடித்த வழக்கு, பிள்ளையைச் சீரழித்த வழக்கு என்று பெண் போலீஸாரை ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டால், குண்டர் கும்பலையும் போதைப்பொருளையும் ஆண்களே பார்ப்பார்கள், பதவி உயர்வும் அந்தப் பக்கமே போகும். எங்கள் ஊர் நிலையத்துக்கே ஒரு பெண் தலைவராக வரவேண்டும், லாரி திருட்டுக்கும் சேர்த்து. போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் யார் இருக்கிறார் என்பதைவிட எங்களுக்கு அது முக்கியம்.

அந்தப் பெண் உடற்தகுதிச் சோதனைக்காகத் தினமும் செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் ஓடுகிறாள். விளக்கில்லாத பாதை. அப்பா பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வெளிச்சம் காட்டிக்கொண்டு போகிறார். யார் கட்டிக்கொள்வார் என்று அவர் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.