பேய்ப்பட இசை சேர்க்கிறீர்களா? முதலில் அது எந்தப் பதிவு என்று பாருங்கள்

பேய்ப்பட இசைத்தட்டுகளைச் சேர்க்கிறவர்கள் நம் வட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அவர்கள் போடும் பதிவுகளில் பேச்செல்லாம் மேலட்டை ஓவியத்தைப் பற்றியும், ரத்தம் தெறித்த மாதிரி நிறம் கலந்து அடித்த எல்.பி.யைப் பற்றியும், மொத்தம் எத்தனை பிரதி வந்தது என்பதைப் பற்றியும்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் இசையை யார், எப்போது, எங்கே வாசித்தார்கள் என்ற கேள்வியே வருவதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. தியேட்டரில் நம்மை உறைய வைத்தது ஓர் ஒலி. அந்த ஒலி கையில் இருக்கும் தட்டில் இருக்கிறதா, இல்லையா? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எல்லாரும் முதலில் வாங்கும் 'சைக்கோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-ல் படம் வந்தபோது அதன் இசை ஆல்பமாக வரவே இல்லை. அதற்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் 1975-ல், தான் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, நேஷனல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து அதை மறுபடி முழுதாகப் பதிவு செய்தார். 1997-ல் ஜோயல் மெக்நீலி நடத்த, ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்கெஸ்ட்ரா இன்னொரு முறை வாசித்தது. கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். இரண்டுமே நல்ல பதிவுகள். ஆனால் ஹெர்மனின் 1975 பதிவில் வேகம் நன்றாகவே குறைந்துவிட்டது. படத்தில் கார் ஓடும்போது பின்னால் துரத்தும் அந்தத் தொடக்க இசையின் பதற்றம் இதில் வேறு மாதிரி, கனத்து, நிதானமாக வருகிறது. படத்தைப் போட்டு உடனே இதையும் கேட்டால் யாருக்கும் தெரியும். எழுதியவரே நடத்தியது என்பதால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அது 1960-ன் ஒலி இல்லை.

அந்த இசையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுக்க நரம்புக் கருவிகள்தான். குழல் இல்லை, முரசு இல்லை. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதிப் போட்டுக் காட்டியதும் மனசு மாறினார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, வயலினின் குதிரையில் (நரம்புகளைத் தாங்கும் மரத்துண்டு) ஒலியை அடக்கச் செருகும் மியூட் பற்றியது. மற்ற இடங்களிலெல்லாம் மியூட் போட்டு வாசிக்க வைத்த ஹெர்மன், அந்தக் கொலைக்கு மட்டும் அதைக் கழற்றச் சொன்னார். படம் தொடங்கியதிலிருந்து மூடிய ஒலிக்குப் பழகிப்போன காதில், திடீரென்று வில் நேராக நரம்பைக் கிழிக்கிறது. உச்சத்தில் ஒரு வயலின் கூட்டம் கீச்சிட, அதோடு ஒட்டாத சுரத்தில் அடுத்த கூட்டம் சேர, அடுத்தது, அடுத்தது. கத்தி நின்றதும் தடித்த நரம்புகள் மட்டும் மெல்ல மெல்லத் தேய்கின்றன. இதை யூடியூபில் முப்பது வினாடித் துண்டாகக் கேட்டால் பாதிகூடப் புரியாது. முன்னால் வரும் மூடிய இசையையெல்லாம் கேட்டுவிட்டு அங்கே வந்து சேர வேண்டும். முழு ஆல்பம் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) நேர் எதிர்த் திசை. ஆர்கெஸ்ட்ராவுக்குப் பணம் இல்லை. இயக்குநரே உட்கார்ந்து பியானோவும் சிந்தசைசருமாக மூன்று நாளில் முடித்தார். அவருடைய அப்பா இசைப் பேராசிரியர். சிறு வயதில் பாங்கோ மேளத்தில் ஐந்து எண்ணிக்கையைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தத் தாளம்தான் படத்தின் தீம். நம் ஆட்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். 'தகிட தகிட தக தக' என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள், பியானோவின் வலது கை அப்படியே பொருந்தும். நாலுநாலாகத் தலையாட்டப் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மிச்சம் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த மிச்சம் தீரவே தீராது. பயம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் இசை சேர்க்காத படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குக் கொஞ்சம்கூடப் பயம் வரவில்லை என்று கார்பென்டரே எழுதியிருக்கிறார். அதே படம், அதே முகமூடி. சேர்ந்தது இசை மட்டும்தான்.

கார்பென்டர் இசைக்கு எல்.பி. நன்றாகவே பொருந்தும். 'சஸ்பீரியா'வுக்கும் (1977) அப்படித்தான். இத்தாலியின் கோப்ளின் குழு பூஸூக்கி என்ற கிரேக்க நரம்புக் கருவி, மூக் சிந்தசைசர், நம் தபலா எல்லாவற்றையும் கலந்து, மேலே கிசுகிசுக்கும் ஒரு மனிதக் குரலையும் போட்டுச் செய்த இசை அது. படப்பிடிப்புக்கு முன்பே ஒரு வடிவத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். இயக்குநர் டாரியோ ஆர்ஜென்டோ அதைத் தளத்திலேயே சத்தமாக ஓடவிட்டு நடிகர்களை நடிக்க வைத்தார். இசை அடி விழுந்துகொண்டே இருப்பதால் தட்டில் இருக்கும் சின்னச் சின்னக் கரகரப்பு காதை உறுத்தாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் எல்.பி.தான் உசத்தி என்பதை நான் ஏற்கவே மாட்டேன். பேய்ப்பட இசையில் பாதி மௌனம். ஒரு செல்லோ கேட்டும் கேட்காமலும் தொடங்குகிற இடத்தில் தட்டின் 'சட் சட்' வந்தால் இசையமைப்பாளர் செய்த வேலை அத்தனையும் பாழ். படம் அச்சிட்ட தட்டுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். போதாததற்கு நம் ஊர் வெயிலும் ஈரமும். சென்னை வீட்டில் மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் அட்டையில் பூஞ்சை பூத்திருக்கும். படுக்க வைத்து அடுக்கிய தட்டு சித்திரையில் வளைந்துவிடும். மிகா லெவி 'அண்டர் த ஸ்கின்'னுக்கு (2013) எழுதியது போன்ற மெல்லிய இசைக்கு நான் சிடிதான் வாங்குவேன். விலையும் குறைவு, பார்சலும் சின்னது, சுங்க வரிக்கும் அவ்வளவு அழ வேண்டியதில்லை. சிடி என்றால் இளக்காரமாகப் பார்க்கிறவர்கள், இரவு விளக்கை அணைத்துவிட்டு இரண்டிலும் ஒரே இசையைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அரிய தட்டுகள் என்று விலை ஏற்றி விற்கிறார்களே, அதற்கு வருகிறேன். 'த ஷைனிங்' (1980) ஆல்பம் வந்த சில காலத்திலேயே உரிமைச் சிக்கலில் திரும்பப் பெறப்பட்டது. அதனால் இன்று அதன் பழைய பிரதிக்குக் கேட்கும் விலை பயங்கரம். வாங்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். அந்தப் படத்தின் இசையில் பெரும்பகுதி படத்துக்காக எழுதப்பட்டதே இல்லை. பார்டோக், லிகெட்டி, பெண்டரெட்ஸ்கி ஆகியோரின் கச்சேரி இசையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் எடுத்துப் போட்டார். அவற்றின் பதிவுகள் சாதாரண விலையில், நல்ல தரத்தில் கிடைக்கின்றன.

பெண்டரெட்ஸ்கியின் 'பாலிமார்ஃபியா' (1961) ஒன்றையாவது கட்டாயம் வாங்குங்கள். 48 நரம்புக் கருவிகள். தன்னுடைய வேறொரு படைப்பைக் கேட்டவர்களின் மூளை அலை வரைபடத்தைப் பார்த்து, அதன் கோடுகளிலிருந்து இதன் சில பகுதிகளை உருவாக்கினார். கருவியின் உடலைத் தட்டுகிறார்கள், வழுக்குகிறார்கள், தேய்க்கிறார்கள். எது வயலின், எது பூச்சிக் கூட்டம் என்று தெரியாது. இத்தனை களேபரமும் முடிந்து கடைசியில் என்ன வருகிறது தெரியுமா? பளிச்சென்று ஒரு சி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு வாசிக்கும் அதே சி மேஜர். முதல் தடவை அதைக் கேட்டபோது, முன்னால் வந்த சத்தங்களைவிட அந்தச் சுத்தமான கார்டுதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. இந்த 'பாலிமார்ஃபியா' 'த ஷைனிங்'கிலும் இருக்கிறது, அதற்கு முந்தைய 'த எக்ஸார்சிஸ்ட்'டிலும் (1973) இருக்கிறது. ஒரு சிடி வாங்கினால் இரண்டு படங்களின் அடிவேரும் கையில் வந்துவிடும்.

'த ஷைனிங்'குக்காக வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் உழைத்துச் செய்த இசையில் மிகக் கொஞ்சம்தான் படத்தில் நின்றது. மலைப்பாதையில் கார் ஏறும்போது வரும் அந்தத் தொடக்கம் அவர்களுடையது. இறந்தவர்களுக்காகத் தேவாலயங்களில் பாடிய பழைய லத்தீன் கீதத்தின் மெட்டு அது. மிச்சத்தை 2005-ல்தான் கார்லோஸ் தொலைந்த இசை என்ற பெயரில் இரண்டு சிடிகளாக வெளியிட்டார். 'த எக்ஸார்சிஸ்ட்'டுக்கு லாலோ ஷிஃப்ரின் எழுதியதையும் இயக்குநர் ஃபிரீட்கின் வேண்டாம் என்று ஒதுக்கினார். மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்'ஸை எடுத்துப் போட்டார், உலகம் முழுக்க அது பேய் மணியாகிவிட்டது. ஷிஃப்ரினின் இசை வெளியே வரப் பல வருடம் ஆனது. ஒதுக்கப்பட்ட இந்த இசைகளுக்கு என் அலமாரியில் தனி இடம் உண்டு. ஒரே கதையைப் பார்த்து இன்னொரு பெரிய மூளை எப்படிப் பயந்தது என்று அவற்றில்தான் கேட்க முடிகிறது.

ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் 'த ஓமன்' (1976) பற்றி நீட்ட வேண்டியதில்லை, எல்லாரிடமும் இருக்க வேண்டியது. அத்தனை வருடம் எழுதியவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் அதற்குத்தான். புதியவர்களில் 'த விட்ச்' படத்துக்கு இசையமைத்த மார்க் கோர்வனைத் தேடிக் கேளுங்கள். எல்லாரும் முன்பே பதிவு செய்து வைத்த ஒரே டிஜிட்டல் சாம்பிளைப் போட்டு வாசிப்பது அலுத்துப்போய், கருவி செய்யும் ஒருவரிடம் சொல்லி ஸ்பிரிங், இரும்பு ஸ்கேல், சுழலும் சக்கரம் எல்லாம் வைத்த ஒரு பெட்டியைச் செய்ய வைத்தார். 'அப்ரிஹென்ஷன் இன்ஜின்' என்று பெயர். ஸ்கேலை வில்லால் தேய்த்தால் வரும் சத்தத்துக்கு எந்தச் சுரத்தின் பெயரையும் சொல்ல முடியாது.

வாக்ஸ்வொர்க், டெத் வால்ட்ஸ் மாதிரி பேய்ப்பட இசைத்தட்டு வெளியிடும் நிறுவனங்களை நான் குறை சொல்ல வரவில்லை. தொலைந்தே போயிருக்கக்கூடிய பல இசைகள் இன்று நம் கையில் இருப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். நடத்தியவர் பெயர், பதிவு செய்த வருடம், ஆர்கெஸ்ட்ராவின் பெயர் மூன்றும் படத்தோடு ஒத்துப்போகிறதா? டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு இணையதளத்தில் அந்தப் பதிப்பின் குறிப்பைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சரி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

'ஹாலோவீன்' வந்த அதே 1978-ல்தான் இங்கே பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. இரண்டு வருடம் கழித்து 'மூடுபனி', இளையராஜாவின் நூறாவது படம், பாலு மகேந்திரா இயக்கியது. இரண்டும் பேய்ப்படங்கள் இல்லை, கொலைகாரனின் மனசுக்குள் போகிற படங்கள். ஆனால் பயத்தை இசையாக எழுதுவதில் உலகத்தின் எந்தப் பெயரோடும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய வேலை. கார்பென்டரின் தீம் இசையை இன்று பத்துப் பதிப்புகளில் வாங்கலாம். 'சிகப்பு ரோஜாக்க'ளின் இசைத்தட்டை வாங்கினால் 'நினைவோ ஒரு பறவை'யும் 'இந்த மின்மினிக்கு'வும் கிடைக்கும். அருமையான பாட்டுகள், மறுப்பில்லை. ஆனால் கமல் அந்தப் பங்களாவுக்குள் நடக்கும்போது வந்த இசை? அதைக் கேட்க வேண்டுமென்றால் படத்தைப் போட்டு, வசனத்துக்கும் கதவுச் சத்தத்துக்கும் நடுவில் பொறுக்கித்தான் கேட்க வேண்டும்.

நம் ஊர் வழக்கம் அப்படி. ரெக்கார்டு கம்பெனிக்கு விற்றது பாட்டு. ரீரெக்கார்டிங், அதாவது பின்னணி இசைப் பதிவு என்பது படம் முடிந்தபின் ரிலீஸ் தேதி கழுத்தை நெரிக்கும்போது ரீல் ரீலாகப் போட்டு முடிக்கிற வேலை. ராஜா ரீலை ஒரு தடவை பார்த்துவிட்டு நேராக நோட்ஸ் எழுதிக் கொடுப்பார் என்று வாசித்தவர்கள் எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோட்ஸைப் பார்த்து வயலின்காரர்கள் உடனே வாசித்த அந்த மணி நேரத்தின் தனி ஒலியைத்தான் நான் கேட்கிறேன். வசனம் சேர்க்காதது. பாட்டுக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசியை ரீரெக்கார்டிங்குக்குக் கொடுத்திருந்தால் இன்று தமிழ்ப் பயப்பட இசை என்று ஒரு முழு வரிசையே அலமாரியில் நின்றிருக்கும். ரசிகர்கள் டிவிடியிலிருந்து வெட்டி யூடியூபில் ஏற்றும் துண்டுகள்தான் இப்போதைக்கு நம் ஆவணக் காப்பகம். அவர்களுக்கு என் நன்றி. இன்று சில இசையமைப்பாளர்கள் பின்னணி இசையைத் தனி ஆல்பமாகவே வெளியிடுகிறார்கள். அந்த ஆல்பங்களைக் கேளுங்கள், விலை இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள்.

பழைய ரெக்கார்டிங் தியேட்டர்களில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், எடிட்டர்கள், தயாரிப்பாளர் குடும்பத்தார் இந்தப் பதிவைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் நாடாச் சுருள் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஆசையில் உடனே மெஷினில் மாட்டி ஓட்டியும் பார்க்காதீர்கள். எழுபதுகள், எண்பதுகளின் நாடாக்களில் சில பிராண்டுகள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். அப்படியே ஓட்டினால் இசை படிந்த பூச்சு உரிந்து மெஷினின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாடாக்களைச் சுமார் 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் நிதானமாக உலர்த்தி, உடனே டிஜிட்டலில் ஏற்ற வேண்டும். தெரிந்தவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும். பெட்டியின் மேல் படத்தின் பெயர், ரீல் எண், தேதி ஏதாவது எழுதியிருந்தால் அதைப் படம் பிடித்து எனக்கு மெசஞ்சரில் அனுப்புங்கள். உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.