தோற்றது 30 ரன்னில், பழி மட்டும் பிட்ச் மீதா?

பிட்ச் (ஆடுகளம்) மோசமாக இருந்தால், கடைசியில் மட்டை பிடிக்க வரும் பந்துவீச்சாளர்களின் ரன்னுக்கு மதிப்பு ஏறும் என்று நேற்றிரவு நம் கிரிக்கெட் கிளப் குழுவில் சொன்னேன். பதிலுக்கு, இங்கிலாந்தின் லார்ட்ஸ் மைதானத்தில் நம் பந்துவீச்சாளர் சிராஜ் அவுட்டாகிக் குனிந்திருக்கும் படத்தைப் போட்டு, "இவர்களை நம்பியா டெஸ்ட் ஜெயிப்பது? பிட்ச் ஒழுங்காக இருந்தால் போதும்" என்று ஒரு நண்பர் எழுதினார். கீழே வரிசையாகச் சிரிப்புகள். சிரித்தவர்களில் பலர் என்னோடு ஆடியவர்கள். அதுதான் வலிக்கிறது.

2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் தென்னாப்பிரிக்காவோடு ஆடிய டெஸ்டையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கு இலக்கு 124. நாம் எடுத்தது 93. கழுத்துப் பிடிப்பால் கேப்டன் கில் ஆட வரவில்லை, சரி. ஒரு பந்து எழும்பியது, அடுத்தது தவழ்ந்தது, அதுவும் சரி. ஆனால் அதே பிட்ச்சில்தான் ஏழு விக்கெட் போன பிறகு அவர்கள் கேப்டன் பவுமாவும் பந்துவீச்சாளர் கார்பின் பாஷும் 44 ரன் சேர்த்தார்கள். அந்த இன்னிங்ஸில் தென்னாப்பிரிக்காவின் மொத்தமே 153. கால் பங்குக்கும் மேல் அந்த ஒரு ஜோடியுடையது. நாம் தோற்றது 30 ரன்னில்! இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்?

500 ரன் குவிகிற பிட்ச்சில் கடைசி ஆட்டக்காரர்களின் 40 ரன் யார் கண்ணிலும் படாது. 150 எடுக்கவே மூச்சு வாங்குகிற பிட்ச்சில் அதே 40 ரன் ஆட்டத்தையே தீர்மானித்துவிடும். பிட்ச் மோசமாக மோசமாக, கடைசியில் ஆட வரும் இந்தப் பின்வரிசையின் மதிப்பு ஏறும். இதைத்தான் நேற்று சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

பிட்ச்சைப் பற்றி எனக்குத் தெரியாது என்கிறார்கள். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரனிடம்! கேரளத்தில் கரிசல் மண் அபூர்வம். அது இருப்பது நம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்தில். நிலக்கடலை பிடுங்கிய காட்டில் ஆடி வளர்ந்தவர்கள் நாம். பங்குனி வெயிலில் அந்த மண் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வெடிப்பின் விளிம்பில் பட்ட பந்து கணுக்காலுக்குப் போகுமா, விலாவுக்கு வருமா என்று வீசியவனுக்கே தெரியாது. கரிசலில் களி அதிகம். ஈரம் இருக்கும்வரை பந்து மெதுவாக, தாழ்வாக வரும். செம்மண்ணில் பந்து நன்றாக எழும்பும், மேல் மண் சீக்கிரம் பொடியும். சேப்பாக்கத்தில் இரண்டு வகை பிட்ச்சும் உண்டு. 2024 செப்டம்பரில் அங்கே வங்கதேசத்திடம் 144க்கு 6 விக்கெட் இழந்து நின்றோம். காப்பாற்றியது பின்னால் வந்த ஜோடி: அஸ்வின் 113, ஜடேஜா 86. அன்று பிட்ச்சைத் திட்டி யாராவது பதிவு போட்டீர்களா?

"அஸ்வினும் ஜடேஜாவும் ஆல்ரவுண்டர்கள், மட்டையும் நன்றாகப் பிடிப்பவர்கள், அது வேறு" என்பீர்கள். சரி, சுழற்பந்து வீசுகிற குல்தீப்? தென்னாப்பிரிக்காவோடு அடுத்த டெஸ்டில், குவாஹாட்டியில் 122க்கு 7 என்று நம்மை நிறுத்திவிட்டு முன்வரிசை போய் உட்கார்ந்த பிறகு, அவர் 134 பந்துகள் நின்றார். எடுத்தது 19 ரன்தான், ஆனால் நின்றார். அதே பிட்ச்சில் ஒன்பதாவதாக வந்த அவர்கள் வேகப்பந்து வீச்சாளர் யான்சன் 93 அடித்தார். அவர்களுக்கு வேறு மண்ணா?

"பந்து வீசத்தானே அவர்களை எடுக்கிறோம், மட்டையும் பிடிக்கச் சொன்னால் எப்படி?" இந்தக் கேள்விக்கு என்னால் அமைதியாகப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் நான் பந்து வீசியவன். சாயங்காலம் முழுக்க வலைப்பயிற்சியில் நம் பெரிய மட்டையாளர்களுக்கு வீசுவேன். என் முறை வரும்போது இருட்டியிருக்கும். தையல் பிரிந்த பந்தை எவனாவது ஒரு சிறுவன் நாலு தடவை எறிவான். "போதும், மூட்டையைக் கட்டு" என்பார்கள். பிறகு வேலந்தாவளம் மைதானத்தில், பொள்ளாச்சி அணிக்கு எதிராகக் கடைசி ஓவரில் என்னை இறக்கிவிட்டு, நான் போல்டானதும் தலையில் அடித்துக்கொண்டார்கள். இன்றும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டை பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

படத்தில் இருக்கிற அந்த லார்ட்ஸ் டெஸ்டுக்கு வருவோம்: 2025 ஜூலை, இங்கிலாந்துக்கு எதிராக நமக்கு இலக்கு 193. ஐந்தாம் நாள் உணவு இடைவேளையில் நாம் 112க்கு 8. அதன் பிறகு ஜடேஜாவுக்குத் துணையாக பும்ரா 54 பந்துகள், சிராஜ் 30 பந்துகள் தாங்கினார்கள். கடைசிப் பந்தை சிராஜ் மட்டையின் நடுவில் வாங்கித்தான் தடுத்தார். அது உருண்டுபோய் ஸ்டம்பில் பட்டது. 22 ரன்னில் தோற்றோம். 112க்கு 8 ஆக்கியவர்களின் படம் குழுவில் ஏன் ஒன்றுகூட இல்லை?

அந்தப் படத்தை இன்றைக்கே நீக்குங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வலைப்பயிற்சியில், வெளிச்சம் இருக்கும்போதே, முதலில் காலில் பேட் கட்டி மட்டை பிடிக்கப்போவது நம் பந்துவீசும் பையன்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் மைதானத்துக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.